வேரைப் படிக்கும் விரல்கள்

ஓசூர் என்றதும் பிப்ரவரி 14-க்காக விமானம் ஏறும் ‘தாஜ்மகால்’ ரோஜாதான் நினைவுக்கு வரும். பாகலூர் பக்கம் பசுமைக்குடில்களைத் தாண்டிப் போனால், மாடிக்கும் வாசலுக்கும் தொட்டி ரோஜா தயாரிக்கும் நாற்றுப்பண்ணைகள் இருக்கின்றன. ஒட்டுக் கட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் பலரும் அங்கே வருவார்கள். நான் போனது, செடியைத் தொட்டி மாற்றுகிறவர்களைப் பார்க்க.

பச்சை நிழல்வலைக்குக் கீழே, மண்குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்து போயின. மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

“எப்பக்கா தொட்டி மாத்தணும்?”

“மாசத்தக் கேக்கிறீங்களா, செடியக் கேக்கிறீங்களா சார்?”

இரண்டையும் சொன்னார். ஐப்பசியிலிருந்து தை வரை, வெயில் தணிந்த நாட்களில், கவாத்தோடு சேர்த்து மாற்றுவது நல்லது. அடைமழை பெய்கிற வாரத்தை விட்டுவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் தொடவே கூடாது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே கொஞ்சம் முன்பின் ஆனாலும் செடி தாங்கும். சென்னை, மதுரை மொட்டைமாடியில் தாங்காது. பிறகு ஒரு தொட்டியைச் சாய்த்து அடியைக் காட்டினார். துவாரத்தில் வேர் எட்டிப் பார்த்தது. பூவாளியால் தண்ணீர் விட்டதும் நிற்காமல் கீழே ஓடியது. “உள்ள மண்ணு இல்ல, வேருதான் சுத்திக்கிட்டு இருக்கு. இது கேக்குது.” பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்தில் செடி இந்த நிலைக்கு வந்துவிடும். இலை சிறுத்து, பூவும் சிறுத்தால் அதுவும் ஓர் அறிகுறி.

முந்தைய மாலையே தண்ணீர் விட்டிருந்தார்கள். காய்ந்த மண்கட்டி உடையும்போது வேரையும் அறுத்துவிடும்; சொதசொதவென்று இருந்தால் பிசைந்துபோகும். தண்டைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை, ஒட்டு பிய்ந்துவிடும் என்று. தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் தரையில் தட்டி, கட்டியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்கள். கவரில் இருப்பதை பிளேடால் கீறி உரித்தார்கள்.

கவரில் வரும் செடிகளின் வேரைச் சுற்றி இறுகிய செம்மண் உருண்டை இருக்கிறது. ஆந்திராவின் கடியம் போன்ற இடங்களிலிருந்து லாரியில் வரும் கன்றுகளுக்கு அந்த ஒட்டுமண்தான் பாதுகாப்பு. வீட்டுத் தொட்டியில் அதுவே எமன். சுற்றிலும் பொலபொலப்பான கலவை, நடுவில் களி உருண்டை. விட்ட தண்ணீர் உருண்டைக்குள் போகாமல் ஓரமாக இறங்கிவிடும், உள்ளே போனதோ வெளியே வராமல் வேரை அழுக வைக்கும். வாங்கிவந்த ரோஜா ஒரே மாதத்தில் கருகிப்போவதற்கு ராசியைக் குறை சொல்கிறோம். பல வீடுகளில் காரணம் இந்த உருண்டைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா அந்த உருண்டையை வாளித் தண்ணீரில் சற்று ஊறவைத்து, வெளிப்பக்க மண்ணை மட்டும் விரலால் நெருடி உதிர்த்தார். தண்டையொட்டிய மண்ணைத் தொடவில்லை. வட்டமடித்த வேரைக் கத்தரித்தார். கறுத்து வழுவழுத்த வேரை முகர்ந்து பார்த்துவிட்டு நறுக்கினார். வெள்ளை வேர் மீது கத்தரி படவே இல்லை. நீரையும் சத்தையும் உறிஞ்சுவது அதுதான். கையுறை வேண்டாமா என்றேன். “போட்டா வேரு தெரியாது.” அந்த விரல்களில் முள் கீறாத இடம் இல்லை.

புதுத் தொட்டிக்கான கலவை: இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு உப்புப் போகக் கழுவிய தென்னை நார்க்கழிவு, ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு. துவாரத்தின் மேல் ஒற்றை ஓட்டுச்சில்லு. கூழாங்கல் அடுக்கு தேவையில்லை. அது வேரின் இடத்தைத்தான் தின்னும். எட்டு அங்குலத் தொட்டியிலிருந்து பத்துக்கோ பன்னிரண்டுக்கோ போகலாம். ஒரேயடியாகப் பெரிய தொட்டி என்றால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிக் கெடும். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. அதற்குக் கீழே கிளம்பிய தளிரை வெட்டாமல், அடியோடு பிய்த்தெடுத்தார். வெட்டினால் மறுபடி துளிர்க்குமாம்.

அந்தப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவருக்குக் கைதேர்ந்தவர் என்ற கூலி. தொட்டி மாற்றுகிற பெண்களுக்கு மண் அள்ளுகிற கூலிதான். எந்த வேர் சாகும், எது பிழைக்கும் என்று தொட்டே சொல்கிற கைகளுக்கு அது நியாயமில்லை.

மதியம் ஒருவர் வந்து, அன்று காலை மாற்றி வைத்த மஞ்சள் ரோஜாவைக் கேட்டார். முதலாளி தலையசைத்தார். அக்கா தொட்டியை நகர்த்தவில்லை. “பத்து நாள் நெழல்ல இருக்கணும். துளிரு வந்தப்புறம் வாங்க, அதுவரைக்கும் உரம்கூடப் போட மாட்டோம்.” வந்தவர் வேறு செடியை வாங்கிக்கொண்டு போனார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.