எதிர்வெளிச்சம்

காரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத ஒருவித வெட்கம் தடையாக இருக்கிறது. நம் வட்டத்தில் சைக்கிளைப் பற்றி எழுதலாம். ரயிலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். டவுன் பஸ் நெரிசலுக்குக்கூட ஒரு இலக்கிய அந்தஸ்து உண்டு. கார் மட்டும் எதிர்க்கட்சி. தமிழ்க் கதையில் அது வந்தால் ஏதோ ஒரு குற்றத்தைச் செய்யத்தான் வரும். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்தில் (1966) மழையில் நிற்கும் பெண்ணின் முன்னால் வந்து நிற்கிறதே ஒரு பெரிய கார், அதிலிருந்து நாம் இன்னும் இறங்கவில்லை என்று நினைக்கிறேன். நான் படித்தவற்றில் கார் வெளியே நின்று பார்க்கப்படுகிறது, அல்லது பின் ஸீட்டிலிருந்து. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவன் டிரைவர். அவனுக்குக் குடும்பக் கஷ்டம் இருக்கும், கிளட்ச் இருக்காது.

ஆனால் கார் ஓட்டுகிற இரண்டு பேர் ஒரு டீக்கடை வாசலில் சந்தித்துவிட்டால் நடக்கிற பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கேள்வி, "எவ்வளவு கொடுக்குது?" லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். பதில் சொல்பவர் கூசாமல் இரண்டு மூன்று கூட்டிச் சொல்வார். கேட்டவரும் கூசாமல் நம்புவார். பிறகு பிடித்தது, பிடிக்காதது. பிடித்தது சீக்கிரம் தீர்ந்துவிடும். பிடிக்காததுதான் டீ ஆறும்வரை போகும். ஸிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே பின்னால் ஹார்ன் அடிக்கிறவன், கதவைப் பெட்டிக்கடைப் பலகை மாதிரி அறைகிற விருந்தாளி, இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு மறந்தே போனவன், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி எதையோ சொல்ல வந்து எதையும் சொல்லாமல் உள்ளே இழுத்துக்கொள்கிறவன். இந்த வெறுப்புகளில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஒரு கவிதையை நிராகரிக்கும்போது நமக்கு வருகிற அதே சந்தோஷம்.

எங்கள் காலத்தில் தேர்வு செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் 1957இல் வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகத் தொடங்கிய அம்பாஸடர், பம்பாயிலிருந்து வந்த ஃபியட் 1100, நம் சென்னையிலேயே வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அவ்வளவுதான். மூன்றும் மூன்று கட்சி. அம்பாஸடர்காரர்களுக்கு இடம் முக்கியம். முன்னால் பெஞ்ச் ஸீட்டில் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் குழந்தைகள், டிக்கியில் ஒரு கல்யாணத்துக்கான பாத்திரம். ஃபியட்காரர்கள் கொஞ்சம் நாசூக்கானவர்கள். ஸ்டியரிங் தண்டிலேயே கியர், சின்ன உடம்பு, நகரத்து வளைவுகளில் அடக்கமான நடத்தை. 1974இல் அதற்குப் பத்மினி என்று ராஜபுத்திர ராணியின் பெயரை வைத்தபோது, நம்மூரில் எல்லோரும் நடிகையைத்தான் நினைத்துக்கொண்டார்கள். ஹெரால்ட் வைத்திருந்தவர்கள் தனி ஜாதி. பானெட் முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், இன்ஜின் ஒளிவுமறைவின்றித் தெரியும். குறுகிய தெருவில் ஒரே ஒடியில் திரும்பிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் அதை அதற்காகவே வைத்திருந்தார். எங்கும் போகமாட்டார், திரும்பிக் காட்டுவார்.

டிசம்பர் 14, 1983 அன்று முதல் மாருதி 800இன் சாவி கைமாறியதோடு இந்தக் கட்சிகள் எல்லாம் பழங்கதையாயின. 796 ஸிஸி, மூன்று ஸிலிண்டர். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அதைத் தீப்பெட்டி என்று கேலி செய்தார்கள். ஊரே தீப்பெட்டியில் பிழைக்கிறது என்பது கேலி செய்தவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. 2014இல் மாருதி 800, அம்பாஸடர் இரண்டும் ஒரே வருஷத்தில் நின்றுபோயின. ஒன்றை ஒன்று கொன்றது என்று முப்பது வருஷம் பேசியிருந்தோம்.

பழைய கார்களில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றைத்தான் சொல்வேன். முன் கதவில், பெரிய கண்ணாடிக்கு முன்னால், முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். கொக்கியை விடுவித்துத் தள்ளினால் தன் அச்சில் திரும்பும். எந்தக் கோணத்தில் நிறுத்துகிறோமோ அந்தக் கோணத்தில் காற்று வரும். நெஞ்சுக்கு வேண்டுமா, முகத்துக்கு வேண்டுமா, பின் ஸீட்டில் அம்மாவுக்கு வேண்டுமா, விரல் நுனியால் தீர்மானிக்கலாம். சித்திரை வெயிலில் கரிசல் காட்டு வழியே போகும்போது அந்தக் காற்றும் அனல்தான். ஆனாலும் அது நாம் கேட்டு வந்த அனல். இப்போது எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு குளிரூட்டிய பெட்டிக்குள் உட்கார்ந்து போகிறோம். வெளியே மழை பெய்தால் மண்வாசனை வருவதில்லை. ஒரு மூலைக் கண்ணாடிக்காக இவ்வளவு வருத்தப்படுகிறவன் நவீனத்துவம் பேசலாமா என்று கேட்கலாம். கேளுங்கள்.

பிடிக்காதது என்று கேட்டால் அதுவும் ஒன்றுதான். எதிரே வரும்போது லைட்டை டிம் பண்ணாதவன்.

எங்கள் அம்பாஸடரில் டிம் பண்ணும் ஸ்விட்ச் காலடியில் இருந்தது, கிளட்சுக்கு இடப்பக்கம், தரையில், ஒரு இரும்புக் குமிழ். இடது காலால் அழுத்தினால் 'டக்' என்று வெளிச்சம் கீழே இறங்கும். மறுபடி அழுத்தினால் ஏறும். பிந்திய வண்டிகளில் அது ஸ்டியரிங் அருகே விரலுக்கு வந்துவிட்டது. காலால் செய்ததில் ஒரு மரியாதை இருந்தது என்று எனக்குத் தோன்றும். இருட்டில் எதிரே வருகிற முகம் தெரியாதவனுக்கு ஒரு வணக்கம் மாதிரி. லாரிகளின் முதுகில் ஹார்ன் அடிக்கச் சொல்வதோடு இரவில் டிம் போடவும் சொல்லி எழுதியிருப்பார்கள். முகப்பு விளக்கின் மேல்பகுதியில் கறுப்பு மை பூசியிருப்பார்கள். இவ்வளவு சொல்லியும் செய்யாதவன் மேல் எனக்குப் பொங்கிக்கொண்டு வரும்.

விஷயம் வெறும் மரியாதை இல்லை. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்குப் பதினேழு மீட்டர் போகிறது. கூசிய கண் தெளிய மூன்று விநாடி ஆனால்கூட ஐம்பது மீட்டர் குருடாகப் போயிருப்போம். அந்த ஐம்பது மீட்டரில் என்ன இருக்கிறது என்பது நம் கையில் இல்லை.

அப்பாவுக்கு இது தெரிந்திருந்தது, கணக்காக இல்லை, காலால். நான் ஓட்டும்போது இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். எதிரே தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தவுடன் அவருடைய இடது கால் தரை விரிப்பை அழுத்தும். அங்கே ஒன்றும் கிடையாது. அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

1984இல் ஒரு வைகாசி முகூர்த்தம். விருதுநகரில் கல்யாணம் முடிந்து இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். சாத்தூர் தாண்டியாயிற்று. அப்போது அது ஏழாம் எண் நெடுஞ்சாலை, இரண்டு வண்டிகள் ஒதுங்கிப் போகிற அளவு அகலம், இரண்டு பக்கமும் வெள்ளையும் கறுப்பும் பட்டை அடித்த புளிய மரங்கள். எதிரே ஒரு கார் முழு வெளிச்சத்தில் வந்தது. நான் டிம் பண்ணினேன். அவன் பண்ணவில்லை. ஏற்றி இறக்கிக் காட்டினேன். அதற்கும் அசையவில்லை. அன்று மூன்றாவது ஆள் அவன். சரி, நீயும் அனுபவி என்று முழு வெளிச்சத்தை ஏற்றி, காலை எடுத்துவிட்டேன். பக்கத்தில் அப்பாவின் கால் விரிப்பை அழுத்தியது. மறுபடியும் அழுத்தியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்தும் என் காலை நகர்த்தவில்லை. இரண்டு வெளிச்சங்களும் ஒன்றை ஒன்று தின்றுகொண்டு நெருங்கின. கடக்கும் சமயத்தில் வலப்பக்கத்தில், சுள்ளிகள் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தபோது அவனுடைய சிவப்பு விளக்குகள் ஒரு தடவை அலைந்து, நேராகி, போய்விட்டன.

"நிறுத்துடா" என்றார் அப்பா. உடனே நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச தூரம் போனேன்.

திரும்பி நடந்தோம். அப்பாவிடம் டார்ச் இருந்தது. சாலை ஓரத்தில் சைக்கிள் கிடந்தது. பருத்திமார்க் கட்டு அவிழ்ந்து சாலை முழுக்கச் சிதறியிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒருவர், புளிய மரத்தடியில், வலது முழங்கையை இடது கையில் ஏந்தி உட்கார்ந்திருந்தார். காட்டிலிருந்து விறகுக்கு மார் ஏற்றி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் நடந்தது எங்கள் முகமாக. பின்னால் வந்த அந்தக் கார் மார்க்கட்டில் உரசி இழுத்துவிட்டது.

"ஓரமாத்தான் வந்தேன் சாமி. எதுக்க வந்த லைட்டு கண்ணைக் கட்டிருச்சு. கால் எங்க வைக்கோம்னே தெரியல. அந்த லைட்டுக்காரன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றார். எங்களை வழியோடு போகிறவர்கள் என்று நினைத்திருந்தார்.

நான் பேசாமல் நின்றேன். என் வண்டி அவரைத் தொடவில்லை. தொட்டது வேறு வண்டி. அந்த விநாடியில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்பது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

"அது எங்க வண்டிதான்யா" என்றார் அப்பா.

அவர் பதறிப்போனார். "தெரியாமச் சொல்லிட்டேன் சாமி, மனசுல வச்சுக்காதீக" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அப்பா அவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாலையில் கிடந்த மார்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மரத்தடியில் சேர்த்தார். அடுத்து வருகிற வண்டிக்காக. நான் சைக்கிளை டிக்கியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினேன். கோவில்பட்டிவரை அப்பாதான் ஓட்டினார். ஒவ்வொரு வண்டிக்கும் 'டக்', 'டக்' என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டிம் பண்ணாதவர்களுக்கும் பண்ணினார்.

எலும்பு கூடியது, ஆனால் முழங்கை முழுக்க நீளவில்லை. அப்பா அந்த ஊருக்கு மூன்று தடவையோ நாலு தடவையோ போய்வந்தார். நான் போகவில்லை. வா என்று அவர் கூப்பிடவில்லை. கூப்பிடாததை ஒரு சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

இதற்கு மேல்தான் இந்த வட்டத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம். மறு வருஷம் நான் ஒரு கவிதை எழுதினேன். இதைப் போன்ற ஒரு பத்திரிகையில்தான் வந்தது. இருட்டில் ஒரு பாதை, எதிரெதிரே இரண்டு வெளிச்சங்கள், ஒன்றை ஒன்று குருடாக்கிக்கொண்டு நெருங்குகின்றன. அவ்வளவுதான் கவிதை. நண்பர்கள் பாராட்டினார்கள். மனித உறவின் அசாத்தியம், இருத்தலின் அபத்தம் என்றெல்லாம் ஒரு கூட்டத்தில் பேசப்பட்டது. அனாவசியமான ஒரு சொல்கூட இல்லை என்றார் ஒருவர். உண்மை. சைக்கிள் இல்லை, பருத்திமார் இல்லை, முழங்கை இல்லை, அப்பா இல்லை. எல்லாவற்றையும் செதுக்கி எறிந்திருந்தேன். செறிவு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். என்னைவிட மூத்த ஒரு கவிஞர் மட்டும் கார்டில் ஒரு வரி எழுதியிருந்தார்: ரோட்டில் வேறு யாரும் இல்லையா? அவருக்கு எப்படித் தெரியும் என்று பயந்துபோனேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. கவிதையைப் படித்திருந்தார், அவ்வளவுதான். அந்தக் கார்டுக்கு நான் பதில் போடவில்லை. கவிதையைத் தொகுப்பில் சேர்த்தேன்.

அப்பா போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அம்பாஸடர் அதற்கு முன்பே போய்விட்டது. எனக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று காத்திருக்கிறது. புரை விழுந்த கண்ணில் எதிர் வெளிச்சம் ஒரு புள்ளியாக நிற்பதில்லை, சிதறிப் பரவுகிறது. இப்போது வருகிற வண்டிகளின் வெள்ளை விளக்குகள் டிம்மிலேயே நான் அந்தக் காலத்து முழு வெளிச்சத்தில் பார்த்ததைவிட அதிகமாகக் கூசுகின்றன. நாலு வருஷமாக இரவில் ஓட்டுவதில்லை. மகள் ஓட்டுகிறாள்.

போன மாதம் விருதுநகர் போய்விட்டு இரவில் வந்தோம். சாலைக்கு இப்போது நாற்பத்து நான்கு என்று எண். புளிய மரங்கள் இல்லை. நாலு தடம், நடுவில் அரளிச் செடிகள். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். எதிர்த் தடத்து வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கவும்தான் அவற்றை வைக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். சாத்தூர் தாண்டிச் சில இடங்களில் அரளி பட்டுப்போயிருந்தது. அந்த இடைவெளிகளில் வெளிச்சம் சட்டென்று உள்ளே வந்து போயிற்று.

"என்னப்பா, கால் வலிக்குதா?" என்று கேட்டாள் மகள்.

குனிந்து பார்த்தேன். இடது கால் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.