ஏ-40க்கு வேறு எஞ்சின் பூட்டலாமா?

ரொறன்ரோவில் வசிக்கும் எனது தமக்கையின் மகன் சென்ற ஆண்டு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தான். அதில் பதினொரு கேள்விகள். கலைப்பீடத்தில் படித்துப் பட்டம் பெற்று, முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதிச் சீவித்தவனிடம் எஞ்சினின் அமுக்க விகிதத்தையும் பின் அச்சின் பல்லுக் கணக்கையும் கேட்டால் என்ன பதில் வரும்? ஆனால் கடைசி வரியில் அவன் எழுதியிருந்தது நியாயமாகவே பட்டது. "மாமா, இதை நான் உங்களிடம் கேட்கவில்லை. அங்கே இருக்கிற பழைய மெக்கானிக்மாரிடம் கேட்டுச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்."

விடயம் இதுதான். கொக்குவிலில் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ-40 டெவன் கார் ஒன்று கொட்டிலுக்குள் நிற்கிறது. 1951ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அது ஓடி ஏழெட்டு வருடங்கள் ஆகின்றன. மருமகன் அதைத் தன் செலவில் எழுப்ப விரும்புகிறான். பழையபடி ஆக்குவதற்கல்ல. இருக்கும் எஞ்சினைத் தூக்கிவிட்டு வலுக்கூடிய வேறொன்றைப் பூட்டி, அமெரிக்கர்கள் 'ஹொட் றொட்' என்று சொல்லும் வகைக் காராக்க வேண்டுமாம்.

இச்சொல்லை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். 1930களில் தென் கலிபோர்னிய இளைஞர்கள், பல கை மாறி விலை மலிந்துபோன போர்ட் கார்களை வாங்கி, மட்காட் முதலிய பாரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சினைத் தாங்களே கடைந்து வலுவேற்றி, மூறொக் போன்ற வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1932இல் போர்ட் நிறுவனம் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் 65 குதிரைவலுக் கொண்ட வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தது. இந்தக் கலையின் அரிச்சுவடி அந்த எஞ்சின்தான். 1937இல் அங்கிருந்த ஓட்டக் கழகங்கள் ஒரு சங்கமாக இணைந்தன. 1948இல் 'ஹொட் றொட்' என்ற பெயரிலேயே சஞ்சிகை வெளிவந்தது. இன்றும் அங்கே பழைய முறைக்காரர் என்றொரு சாரார் இருக்கிறார்கள். 1960களுக்குப் பிந்திய உதிரிப்பாகம் எதையும் தொடமாட்டார்கள். சந்தேகம் வந்தால் எண்பது வயதுக்காரர்களைத் தேடிப்போய்க் கேட்பார்கள். எங்கள் மருமகன் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான்.

ஏ-40ஐயும் ஓட்டப் போட்டியையும் சேர்த்து நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களுக்கென்றே செய்தது போன்ற கார் அது. 1200 சீசீ எஞ்சின், 40 குதிரைவலு. ஆனால் பையன் சொன்னது உண்மை. போருக்குப் பிந்திய பிரித்தானியா டொலர் தேடி அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களுள் ஏ-40உம் ஒன்று. 1960களில் அங்கு நடந்த கால் மைல் ஓட்டப் போட்டிகளில், பாரம் குறைந்த சிறிய கார் என்ற காரணத்துக்காகவே டெவன்களைப் பிடித்து, பெரிய வி-8 எஞ்சின்களை உள்ளே திணித்து ஓட்டியிருக்கிறார்கள். படங்களும் அனுப்பியிருந்தான். எங்கள் ஊரில் தாலி கட்டிய தம்பதியரை ஏற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்துவந்த அதே கார், மூக்கைத் தூக்கிக்கொண்டு ரயர் புகையில் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்கள் இத்தனை காலம் பிழைத்திருந்ததை ஊர்ப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பிறகு சில வருடங்களில் போர். புதிய வண்டி வாங்க வழியில்லாத மக்கள் இருந்ததைப் பேணினார்கள், அவ்வளவுதான். வாகன இலக்கத் தகட்டில் 'ஸ்ரீ' வந்து, அதற்குத் தார் பூசும் போராட்டமும் நடந்த 1950களின் பிற்பகுதிக்கு முன்னரே பதியப்பட்டவை என்பதால், இந்தக் கார்களின் தகட்டில் இன்னும் ஆங்கில எழுத்துகளே இருக்கின்றன. பஸ் நிலையத்தருகே வாடகைக்கு நின்ற ஏ-40களையும் கேம்பிறிட்ஜ்களையும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்களையும் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும்.

மருமகனின் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு மூன்று பேரிடம் போனேன். முதலாமவர் எண்பதைக் கடந்தவர். 1960களில் ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் சாவி எடுத்துக் கொடுக்கும் பொடியனாகச் சேர்ந்தவர். தகப்பனாரின் காரைக் கடைசி வரை பார்த்தவரும் அவரே. கண் பார்வை குறைந்துவிட்டது, காது மட்டும் பழுதில்லை. கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பொதுவாகப் பதில் சொன்னார்.

"எஞ்சின் மாத்திறது பெரிய வேலை இல்லைத் தம்பி. உந்தக் காருக்குச் செசி வேறை, பொடி வேறை. பொடியைத் தூக்கிப்போட்டு என்னத்தையும் பூட்டலாம். ஆனால் உது நாப்பது குதிரைக்குச் செய்த வண்டி. முன்னுக்குத்தான் எண்ணெய் பிறேக். பின்சில்லுக்குக் கம்பியாலை இழுக்கிற பிறேக். இருநூறு குதிரையைப் பூட்டிப்போட்டு எங்கை கொண்டுபோய் நிப்பாட்டப் போறார் உங்கடை மருமகன்?"

பிறேக்கைப் பற்றிப் பதினொரு கேள்விகளில் ஒன்றுகூட இருக்கவில்லை.

அதன் பிறகு அவராகவே மண்ணெண்ணெய்க் காலத்துக்குப் போனார். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்கு எரிபொருள் தடை வந்தது. பெற்றோல் போத்தல் கணக்கில், பிறகு முடிக் கணக்கில் விற்றது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின என்பதை எல்லோரும் அறிவர். எப்படி ஓடின என்பதை விளக்கமாகச் சொல்லக் கேட்டது எனக்கு இதுவே முதல் தடவை. அந்த நாளில் அது செய்தியாகத் தோன்றாத அளவுக்குச் சாதாரணமாக இருந்தது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே எஞ்சின் எழும்பப் பெற்றோல் வேண்டும். பொனற்றுக்குள் ஒரு சிறிய போத்தல், அதிலிருந்து சேலைன் குழாய், நடுவில் ஒரு திருகி. அதற்கும் வசதியில்லாதவர்கள் காபரேற்றரின் வாய்க்குள் சில துளிகளை நேரே விட்டார்கள். எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடு இறங்காமல் இருக்க றேடியேற்றருக்கு முன்னால் மட்டையோ தகரமோ செருக வேண்டும். சிலர் எண்ணெய்க் குழாயைச் சைலன்சர் குழாயோடு சுற்றிக் கொண்டுவந்தார்கள். ஏ-40இல் காபரேற்றருக்குக் கீழேயே புகை போகும் வழியும் இருப்பதால் அதற்கு இந்த வேலை அதிகம் தேவைப்படவில்லை. நிறுத்துவதற்கு முன் திரும்பவும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, காபரேற்றர்க் கிண்ணத்தில் நிற்கும் மண்ணெண்ணெயை எரித்துத் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் எழும்பாது.

இனி இடிப்பு. தீப்பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னரே மிச்ச மண்ணெண்ணெய் அமுக்கத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கும், எஞ்சின் சுத்தியலால் அடித்ததுபோல் சத்தமிடும். அதற்கு டிஸ்ரிபியூற்றரைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்தார்கள். அளவுகோல் கிடையாது. காதுதான். அதுவும் போதாவிட்டால் சிலிண்டர் தலைக்குக் கீழே தடித்த கேஸ்கற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். ஏ-40இன் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் என்பதால் அது தாங்கியது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் இளம் பொடியன்கள் அவரிடம் வந்து தங்கள் புதிய மோட்டார் சைக்கிள்களுக்கும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்களாம். கொம்பியூற்றர் எண்ணெய் விடுகிற எஞ்சினில் தன் வித்தை பலிக்காது என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருடம் ஓகஸ்ற்றில் மண்ணெண்ணெயே லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது வேறு விடயம்.

எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து கீழுள்ள எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயிலை அளக்கும் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்காது, கூடியிருக்கும். "ஒயில் குறைஞ்சால் எல்லாருக்கும் பயம் வரும். எங்களுக்குக் கூடினால்தான் பயம்" என்றார். நீர்த்துப்போன ஒயிலோடு ஓடினால் சுவர் தேயும். ஒயில் மாற்றுவதற்கோ ஒயில் கிடையாது.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். போர்க்காலம் நம்மவர்களை விஞ்ஞானிகளாக்கியது என்ற கதையைப் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். அவர் அதை ஏற்கவில்லை. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் இறைக்கும் மெசின்கள் குடாநாட்டின் தோட்டங்களில் போருக்குப் பல காலம் முன்பிருந்தே இருந்தன. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைத்த கமக்காரர்களுக்கு, எப்போது திருகியைத் திருப்புவது, இடிப்புச் சத்தம் எப்படியிருக்கும் என்பதெல்லாம் கைவந்த பாடம். "கிணத்தடியிலை படிச்சதைத்தான் றோட்டிலை செய்தனாங்கள்" என்றார். எத்தனையோ போர்க்காலக் கட்டுரைகளை விட இந்த ஒரு வசனம் எனக்கு அதிகம் விளக்கியது.

அந்தக் காருக்கு எங்கள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, தகப்பனார் அதை எடுத்தார். பின் ஆசனத்தில் நடக்க முடியாத அப்பாச்சி. முன்னால் தமக்கை, அவள் மடியில் நான்கு வயது மகன். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ஊர்ந்து போவது ஆகாது. சூடு இறங்கும், பிளக் கறுத்து அடைக்கும். செம்மணி வீதியிலோ சனம் தோளோடு தோள் முட்டி நின்றது. பெற்றோல் போத்தலில் இன்னொரு முறை எழுப்பத்தான் இருந்தது. எனவே எஞ்சினை நிறுத்திவிட்டு, நாவற்குழிப் பாலம் தாண்டும் வரை நாங்களும் முன்பின் தெரியாத நான்கைந்து பேருமாக மழைக்குள் தள்ளினோம். பாலத்துக்கு அப்பால் அந்தக் கடைசிப் பெற்றோலில் எஞ்சின் எழும்பியது. மடியிலிருந்த பிள்ளைதான் இன்று அந்த எஞ்சினைக் கழற்றக் கேட்பவன். அவனுக்கு அந்த இரவு நினைவில் இல்லை. நான் அதைச் சொல்லி அவனைக் கட்டிப்போட விரும்பவில்லை. கடிதத்தில் எழுதவுமில்லை.

இரண்டாவது மெக்கானிக் அறுபது வயதுக்காரர். மொறிஸ் மைனர்களுக்கு நிஸான் எஞ்சின் பூட்டுவதில் பெயர் பெற்றவர். அவருக்குப் பழமையில் மோகம் கிடையாது. ஜப்பான் எஞ்சினைப் போடுங்கள், எண்ணெய்ச் செலவு மிஞ்சும், உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் அதை முறையாக மாற்றிப் பதிய வேண்டும் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார். வி-8 பற்றிக் கேட்டபோது ஒரு கணம் கண் மின்னியது. பிறகு, "பூட்டலாம். ஆனால் எங்கடை றோட்டிலை எங்கை ஓடுறது?" என்றார். நடைமுறை அறிவு என்றால் இவர் சொல்வதுதான் சரி. மாதம் ஒருமுறை சந்தைக்குப் போகக் கார் வேண்டுமென்றால் நானும் இவர் பக்கமே நிற்பேன்.

மூன்றாமவர் வடமராட்சியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அதிகம் பேசவில்லை. எஞ்சினைத் திறந்து, சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். பாதை திறந்தபின் 2003இல் 40 ஓவர்சைஸ் பிஸ்ரன் போட்டு ஒருமுறை கடைந்தாயிற்று. இன்னும் ஒரு தடவை 60க்குக் கடைய உலோகம் இருக்கிறது, அதற்கு மேல் சிலீவ் இறக்க வேண்டும் என்றார். புளொக் வெடிக்கவில்லை.

இந்தப் பதில்களையெல்லாம் எடுத்துக்கொண்டு முதலாமவரிடமே திரும்பப் போனேன். அப்போதுதான் அவர், மருமகனின் ஆசையும் கெடாமல் காரும் கெடாமல் ஒரு வழி சொன்னார். ஒஸ்ரின் நிறுவனமே 1950களின் தொடக்கத்தில் ஏ-40 ஸ்போர்ட்ஸ் என்று ஒரு திறந்த கார் செய்தது. இதே 1200 சீசீ எஞ்சின்தான், இரட்டை எஸ்.யூ. காபரேற்றர்கள் பூட்டி வலுவைச் சற்றே கூட்டியிருந்தார்கள். அதைப் போலச் செய்யலாம். தடித்த கேஸ்கற்றை எடுத்துவிட்டுச் சிலிண்டர் தலையைக் கொஞ்சம் சீவினால் அமுக்கம் கூடும். "அப்ப குறைச்சனாங்கள், இப்ப கூட்டுவம்" என்றார். பின்பக்கத்துக்கு, டெவனுக்குப் பின் வந்த சோமசெற்றின் அச்சு கிடைத்தால் நாலு சில்லுக்கும் எண்ணெய் பிறேக் வரும்.

இதை எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. 1960க்குப் பிந்திய பாகம் ஒன்றுகூட இல்லை, இதுதான் உண்மையான பழைய முறை, தன் நண்பர்களுக்கு இது புரியும் என்று குதூகலித்திருந்தான். கூடவே பன்னிரண்டாவதாக ஒரு கேள்வி. பொனற்றுக்குள் ஒரு சிறிய திருகி பூட்டப்பட்டிருக்கிறதே, படத்தில் தெரிகிறது, அது எதற்கு? அதற்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான், முதலாமவரே சொல்லட்டும்.

இப்போது புளொக் வடமராட்சியில் இருக்கிறது. எங்களுக்குத் தேவையானவை மூன்று: ஏ-40க்குரிய 60 ஓவர்சைஸ் பிஸ்ரன் செற் ஒன்று, எஸ்.யூ. காபரேற்றர் ஒரு சோடி, சோமசெற் பின் அச்சு. கொட்டிலில் கிடப்பதாக அறிந்த வாசகர்கள் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். பின் அச்சுக்கு மானிப்பாயில் ஒருவர் சொன்ன விலை, தகப்பனார் அந்தக் காரை வாங்கிய விலையின் பல மடங்கு.