ஒரு தடிமன் குளிசை

அன்றிரவு அப்பப்பா ஐந்து தரம் ரொய்லற்றுக்குப் போனார். சத்தத்துக்கு எழும்பின நாங்கள், "என்ன அப்பப்பா செய்யுது?" என்று கேட்டோம். "ஒண்டுமில்லை, படுங்கோ" என்றார். படுத்துவிட்டோம்.

விடியப் பார்த்தால், வியர்த்து ஊத்தியபடி கதிரையில் இருந்தார். அடிவயிறு கல்லு மாதிரி. அப்பாவைக் கிட்டக் கூப்பிட்டு, "நேற்றுப் பின்னேரத்திலயிருந்து சலம் போகேல்லை" என்று மெல்லச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டுச் சலத்தை எடுத்தார்கள். பிறகு டொக்டர் கேட்டார்: "புதுசா ஏதும் குளிசை போட்டவரோ?" நாங்கள் ஆளையாள் பார்த்தோம். தடிமனுக்கென்று பார்மசியில் வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். ஆருக்கு, எத்தனை வயது என்று நாங்கள் சொல்லவுமில்லை.

அது குளோர்பெனிரமின். சலப்பை சுருங்கிச் சலத்தைத் தள்ளுவதற்கு, நரம்புகள் அசற்றைல்கோலின் என்ற பதார்த்தத்தைச் சுரக்கவேண்டும். இந்தக் குளிசை அதன் வேலையை மறிக்கும். எங்கட வயதில் வாய் காய்வதோடும் நித்திரை தூங்குவதோடும் பெரும்பாலும் போய்விடும். வயதுபோன ஆம்பிளைகள் பலருக்குப் புரொஸ்ரேற் சுரப்பி பெருத்து, சலம் போகிற வழி ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். தள்ளுகிற பலமும் குறைந்தால் சலம் நின்றுவிடும். நரம்பு நோவுக்குக் கொடுக்கிற அமிற்றிப்ரிலினும் இப்படிச் செய்யக்கூடியது. மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சலப்பையின் வாயை இறுக்கும்.

1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் தொடக்கிவைத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகளைச் சொல்வது. குளோர்பெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் இன்றைக்கும் அதில் இருக்கின்றன.

எங்களுக்கு உறைத்தது வேறொன்று. சில மாதமாகவே சலம் சொட்டுச் சொட்டாகத்தான் போனதாம். "வயசு போனா அப்பிடித்தானே" என்று அப்பப்பா ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். வீட்டில் சீனி, பிறஷர் எல்லாம் சத்தமாய்க் கதைப்போம். சலத்தைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை.

இப்போது அவருடைய கிளினிக் கொப்பியில் எல்லாக் குளிசைகளின் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். பார்மசிக்கும் அதைக் கொண்டுபோகிறோம். டொக்டர் தந்ததை நாங்களாக நிற்பாட்டுவதில்லை, கேட்கிறோம். உங்கட வீட்டில் ஆருக்கும் சலம் நின்று அடிவயிறு நொந்தால், விடியட்டும் என்று இருக்காதேங்கோ. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.

குழாய் கழற்றின அன்று ரொய்லற்றுக்குள் இருந்து அப்பப்பா கத்தினார்: "மோனை, போகுது!"