நாலு தாள் சேரும் மலை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே 11 கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 வரைபடத்தில் இரண்டு ஊரும் ஒரே தாளில் இல்லை! ராஜபாளையம் 58 ஜி/11, ஆண்டாள் கோயில் 58 ஜி/10. மேற்கே மலைக்கு இன்னும் இரண்டு: 58 ஜி/6, 58 ஜி/7. இந்த நாலு தாளும் சேரும் புள்ளி, ராஜபாளையத்துக்கு வடமேற்கே சில கிலோமீட்டரில், மலைப்பக்கமாக விழுகிறது.

நாலையும் ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் மலை முழுசாகத் தெரியும். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பது சம உயரக் கோடு. 20 மீட்டருக்கு ஒரு கோடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. கோட்டைமலை 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. அப்படியென்றால் கடல் மட்டத்திலிருந்து எண்ணினால் நூறு கோடு!

இதை அளந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1802-ல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தெற்கே வந்தார். மலை இல்லாத இடத்தில் கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, அரை டன் தியோடலைட் மோதிச் சேதமானது. மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரை 1816 முதல் 1820 வரை வார்டும் கானரும் அளந்தார்கள். 2000-ல் எண்டெவர் விண்கலம் 11 நாளில் உலகின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்துவிட்டது. ஆனால் அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடுவதில்லை. மரத்தின் தலையைத்தான் பெரும்பாலும் அளக்கிறது.

சரி, இந்தக் கோடுகளால் யாருக்கு என்ன?

தண்ணீர்! மலை முகட்டில் விழும் மழை மூன்று பக்கம் பிரிகிறது. கிழக்கே இறங்கினால் வைப்பாறு. வடக்கே வருசநாடு வழியாக வைகை. மேற்கே பெரியாறு. அந்தப் பெரியாற்று நீரில் ஒரு பங்கை 1895-ல் முல்லைப் பெரியாறு அணை சுரங்கம் வழியாகத் தேனி, மதுரைப் பக்கம் திருப்பிவிட்டது. மலையடியிலேயே இருக்கும் இந்த இரண்டு ஊர்களின் கண்மாய்கள் நம்பியிருப்பதோ கிழக்குச் சரிவு மழையைத்தான். மேற்கே போகும் நீரை இந்தப் பக்கம் திருப்பும் அழகர் அணைத் திட்டத்தை விவசாயிகள் பல வருடமாகக் கேட்கிறார்கள்.

அந்த நீர் எந்த இடத்தில் திரும்பும், எங்கே திரும்பாது, எவ்வளவு காடு மூழ்கும் என்பதை மேடைப் பேச்சு சொல்லாது. அந்த நாலு தாளில் உள்ள கோடுகள் சொல்லும். பள்ளி பூகோளப் பாடத்தில் இரண்டு மார்க்குக்குப் படித்து மறந்த கோடுகள்தான் அவை!