ஏரியைக் காணோம் பாஸ்!

ராத்திரி சென்னையில ரயில் ஏறிப் படுத்தா, விடியும்போது ஆந்திராவின் ஏலூரு. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கொல்லேறு ஏரி. கிருஷ்ணா டெல்டாவுக்கும் கோதாவரி டெல்டாவுக்கும் நடுவில் இருக்கிற பெரிய பள்ளம் இது. நாட்டின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று, 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததுன்னு படிச்சுட்டுப் போய் இறங்கினா, வடிவேலு கிணத்தைத் தேடின மாதிரி ஏரியைத் தேடணும். எங்கே திரும்பினாலும் கட்டம் கட்டமா மீன் குளம்தான்!

விடியற்காலையிலேயே போயிடுங்க. கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளக்கிறதைப் பார்க்கலாம். பசின்னு நினைச்சு பொரி போட்டுடாதீங்க. அது மூச்சுத் திணறல். குளத்தில் பாசி வளரணும்னு சாணம், கோழி எரு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் எல்லாம் கொட்டுவாங்க. தீவனமா தவிடும் புண்ணாக்கும் மூட்டை மூட்டையா இறங்கும். பகலில் ஆக்சிஜன் விடுற பாசி, ராத்திரி அதையே இழுத்துக்கும். அடியில் மட்குற தீவனமும் கழிவும் மிச்சத்தைக் காலி பண்ணிடும். அதனால மீனுக்கு எமகண்டம் விடியற்காலையில்தான். குளத்துக்காரர் மோட்டார் போட்டுத் தண்ணியைக் கலக்கிச் சமாளிச்சுடுவார். மீன் பிடிச்சதும் அந்தப் பச்சைத் தண்ணியைக் கால்வாயில் திறந்துவிட்டா, அது ஏரிக்குத்தானே வரும்? ஏரிக்கு யார் மோட்டார் போடுறது?

குளத்தை மட்டும் திட்டுறதும் நியாயமில்லை. புடமேறு, தம்மிலேறு வழியா ஊர்க் கழிவும் வயல் உரமும் சேர்ந்தே வருது. கடலுக்குப் போக இருக்கிற ஒரே வழி உப்புடேறு. நடுவில் இத்தனை கரை இருந்தா தண்ணி எப்படி ஓடும்? தேங்குது, ஆகாயத்தாமரை மண்டுது.

இத்தனைக்கும் 1970களில் மீனவர் கூட்டுறவு சங்கங்களுக்குக் குளம் வெட்ட வழி செஞ்சதே அரசுதான். அப்புறம் காசு உள்ளவங்க குத்தகைக்கு எடுத்தாங்க, குளங்கள் பெருகிச்சு. 1999-ல் சரணாலயம்னு அறிவிப்பு. 2006-ல் 'ஆபரேஷன் கொல்லேறு'ன்னு பொக்லைன் விட்டுக் கரைகளை உடைச்சாங்க. குத்தகைக்காரருக்கு நஷ்டம், கூலிக்குப் போன ஊர்க்காரங்களுக்கோ சோறே போச்சு. மாற்று வேலைக்கு உருப்படியா வழி பண்ணாம உடைச்ச கரை எத்தனை நாள் தாங்கும்? சில வருஷத்தில் பல இடங்களில் திரும்ப முளைச்சது.

அட்டபாக்கா போகாம திரும்பாதீங்க. வனத்துறை நட்ட இரும்பு ஸ்டாண்டுகளில் கூழைக்கடாக்கள் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு இரை தேடி அதுங்க கிளம்புறது பல சமயம் அக்கம்பக்கத்து மீன் குளங்களுக்குத்தான்.