மூட மறுத்த டிக்கி

பட்டனை அழுத்தினால் தானே இறங்கி மூடிக்கொள்ளும் டிக்கி, சில வருஷங்களுக்கு முன்புவரை வெளிநாட்டுச் சொகுசுக் கார்களின் சமாச்சாரமாகத்தான் இருந்தது. 1991-இல் வந்த பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் கதவையும் டிக்கியையும் லேசாகச் சாத்தினால் போதும், மீதியைக் காற்று பம்ப் இழுத்து மூடிவிடும் என்று அந்தக் காலத்தில் அதிசயமாகப் பேசினார்கள். இன்று நடுத்தரக் குடும்பங்கள் கடன் போட்டு வாங்கும் எஸ்.யு.வி. வண்டிகளிலேயே மோட்டார் வைத்த டிக்கி வந்துவிட்டது. இதை வீண் ஆடம்பரம் என்பவர்கள் பெரும்பாலும் உயரமானவர்கள். நான் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. முழுக்கத் திறந்து நிற்கும் டிக்கியின் விளிம்பு எனக்கு எட்டவே எட்டாது. முழங்கால் ஆபரேஷன் முடிந்த அம்மாவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் வாக்கரை உள்ளே வைத்துவிட்டு, எக்கி எக்கிக் கதவை இழுப்பது என்ன பாடு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். செகண்ட் ஹேண்டில் அந்த வண்டியை வாங்கியதே டிக்கியில் இருந்த அந்தச் சின்னப் பட்டனுக்காகத்தான்.

ஐப்பசி மழை ஓயும் சமயத்தில் கோளாறு ஆரம்பித்தது. அழுத்தினால் ‘பீப்’ என்று சத்தம் கொடுத்துக் கதவு இறங்கும். ஒரு முழம் வந்ததும் நிற்கும். மறுபடி ‘பீப் பீப்’ என்று கத்திவிட்டு மேலே போய்விடும். ஒருநாள் ஒழுங்காக மூடும், மறுநாள் அடம்பிடிக்கும். மழை நாளில் தொல்லை கூடும். சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். மோட்டார் தண்டு இரண்டையும், கூடவே கன்ட்ரோல் பெட்டியையும் மாற்ற வேண்டும், 40,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். “மோட்டார்தான் போயிருக்குன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “சிஸ்டம் காட்டுது மேடம்” என்று பதில் வந்தது. ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரும் கழற்றவில்லை. எந்த வழியாக வரும் தகவல் தப்பாக இருக்கிறது என்பதைத்தான் கம்ப்யூட்டரில் வரும் கோளாறுக் கோட் சொல்லும். எந்தப் பாகம் செத்தது என்று அதனால் சொல்ல முடியாது. அதை ஆள்தான் திறந்து பார்க்க வேண்டும்.

என் அப்பா கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் என்றாலே ஒரு சொந்தம் உண்டு. இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவது 1937-இல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் இங்கேதான் உருவானது. சிறு வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை ஆசைப்பட்டு வாங்கி, அக்கக்காகப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவர் நாயுடு என்பதை அப்பா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட்டைக் காட்டியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, “எதக் கழட்டிப் பாத்தாங்க?”

“கழட்டலீங்கப்பா. கம்ப்யூட்டர்ல காட்டுச்சுன்னாங்க.”

“மோட்டாரு எரிஞ்சிருந்தா வாடையே காட்டிக் குடுத்துரும் அம்மிணி. பாதி தூரம் நல்லாத்தான வருது? அப்புறம் மோட்டார்ல என்ன குத்தம்? மொதல்ல ஒயரப் பாரு.”

எந்த ஒயரைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமானால் அந்தக் கதவு எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாதாரண வண்டியில் டிக்கியின் இரு பக்கமும் தாங்கி நிற்கும் தண்டுகளில் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தம்தான் கதவைத் தூக்கிப் பிடிக்கிறது. மோட்டார் டிக்கியில் தண்டுக்குள் ஒரு நீளமான திருகாணியும், அதைச் சுற்றி ஸ்பிரிங்கும், ஒரு முனையில் பல்சக்கரம் வைத்த சின்ன 12 வோல்ட் மோட்டாரும் இருக்கும். திருகாணி ஒரு பக்கம் சுற்றினால் தண்டு நீளும், கதவு எழும்பும். எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்டு குறுகும், கதவு இறங்கும். கதவு அடிவரை வந்து பூட்டில் முதல் ‘கிளிக்’ விழுந்ததும், பூட்டுக்குள் இருக்கும் வேறொரு குட்டி மோட்டார் அதைப் பிடித்து இறுக்கி இரண்டாவது ‘கிளிக்’ வரை இழுத்துவிடும்.

இதில் என்னை அசத்தியது மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார். எட்வின் ஹால் என்ற அமெரிக்கர் 1879-இல் கண்டுபிடித்த காந்த விளைவில் இயங்குவது அது. மோட்டார் அச்சில் உள்ள காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அது ஒரு துடிப்பை அனுப்பும். கன்ட்ரோல் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். கதவு எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரிவது இந்த எண்ணிக்கையால்தான். துடிப்பு சட்டென்று மெதுவானால், குறுக்கே ஏதோ இருக்கிறது என்று பொருள். ஒரு கை இருக்கலாம், குழந்தையின் தலை இருக்கலாம். உடனே நிறுத்தித் திருப்பி மேலே அனுப்பிவிடும். சரி, துடிப்பைக் கொண்டுவரும் ஒயரே அறுந்திருந்தால்? கையா ஒயரா என்று அந்த நொடியில் பிரித்துப் பார்ப்பது அந்தப் பெட்டிக்கு எளிதில்லை. சந்தேகம் வந்தால் மூடாதே என்பதுதான் அதற்குச் சொல்லிவைத்த கட்டளை. அந்த மட்டில் எங்கள் டிக்கி தன் கடமையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

வெளிச்சம் மங்கிய பிறகு, அப்பா சொன்னபடி பார்க் லைட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் போனேன். நம்பர் பிளேட்டுக்கு மேல் இருக்கும் விளக்கும் டிக்கி கதவில்தான் இருக்கிறது. அதற்கான மின்சாரமும் சென்சார் ஒயர்கள் போகும் அதே கட்டு வழியாகத்தான் வருகிறது. நான் ஒரு சின்ன ஸ்டூலில் ஏறிக் கதவைக் கையால் மெல்ல மெல்ல இறக்க, அப்பா குனிந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். குறிப்பிட்ட ஒரு சாய்வில் விளக்கு மினுக்கியது. “நில்லு, அப்படியே புடி” என்றார். ஒரு விரற்கடை மேலே தூக்கினேன், நின்று எரிந்தது. இறக்கினேன், அணைந்தது. மடங்கும் இடத்தில்தான் கோளாறு என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கூரைக்கும் டிக்கி கதவுக்கும் இடையே, மேல் மூலையில், மடிப்பு மடிப்பாகக் கறுப்பு ரப்பர்க் குழல் ஒன்று போகும். கதவுக்குப் போகிற ஒயர் எல்லாம் அதற்குள்தான். டிக்கியை ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்த ஒயர்கள் அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. செம்பின் குணத்தை அப்பா ஒரு துண்டுக் காயில் கம்பியை எடுத்துக் காட்டினார். முதலில் வளைக்கும்போது விரலுக்கு மெத்தென்று வளைந்தது. நிமிர்த்தி நிமிர்த்தி வளைக்க விறைத்துக்கொண்டது. பிறகு சத்தமில்லாமல் இரண்டாக வந்தது. மெல்லிய இழைகள் சேர்ந்த கார் ஒயரிலும் அதுதான் நடக்கிறது, வருஷக்கணக்கில், ஒவ்வோர் இழையாக.

கதவு திறந்திருக்கும்போது அதன் கீழே வேலை செய்வதற்கு அப்பா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தண்டுகளை நம்பாதே, முட்டுக்கொடு. மூங்கில் கழியின் முனையில் துணி சுற்றி முட்டுக் கொடுத்தோம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினோம். பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி, ரப்பர்க் குழலின் இரு முனையையும் விடுவித்துப் பின்னால் தள்ளியதும் டேப் சுற்றிய கட்டு வெளியே வந்தது. பருமனான ஒயர் ஒன்றில் மேலுறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. மழை நாளில் தொல்லை கூடியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். சென்சாருக்குப் போகும் மெல்லிய ஒயர்கள் பார்வைக்குப் புத்தம் புதிது மாதிரி இருந்தன. அப்பா ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். உள்ளே செம்பு முழுதாக இருக்கும் ஒயர் கொடுக்காது. ஒரே ஒரு ஒயர் ஜவ்வு மிட்டாய் போல நீண்டது. மேலுறை மட்டும் இருக்க, உள்ளே செம்பு துண்டாகிப் போயிருந்தது. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம், சத்தமே வரவில்லை. 40,000 ரூபாய்க் கோளாறு அந்த ஒயரில்தான் இருந்தது.

உக்கடத்தில் தேடினால் பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஒயர்க் கட்டு கிடைக்கும். அதுவும் அதே இடத்தில் மடங்கி மடங்கிக் களைத்த ஒயர்தானே என்று அப்பா வேண்டாம் என்றுவிட்டார். சிலிக்கான் மேலுறை போட்ட, இழை அதிகமுள்ள புது ஒயரை அதே கனத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கினோம். அறுந்த இடத்திலேயே ஒட்டுப்போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது நிலைக்காது. ஈயம் உருகி இழைகளுக்குள் ஊறினால் அந்த இடம் கம்பியாக விறைத்துவிடும். மடங்கும் இடத்தில் விறைப்பு வந்தால் ஓரத்தில் மறுபடி ஒடியும். ஆகவே மடிப்புப் பகுதியில் இருந்த பழைய ஒயரை முழுசாக வெட்டி எடுத்துவிட்டு, குழலுக்கு வெளியே இந்தப் பக்கம் ஓர் ஒட்டு, அந்தப் பக்கம் ஓர் ஒட்டு என்று போட்டோம். ஒட்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து புடைக்காதபடி முன்னும் பின்னுமாக வைத்தோம். சூட்டில் சுருங்கும் குழாயை ஒவ்வொரு ஒயரிலும் முன்கூட்டியே கோத்துக்கொண்டோம். வெடித்திருந்தவை மட்டுமில்லை, குழலுக்குள் இருந்த மற்ற ஒயர்களையும் கையோடு மாற்றினோம். ஒன்று போன இடத்தில் மற்றவை எத்தனை நாள் தாங்கும்? மேலே சுற்றியது துணி டேப். சாதா இன்சுலேஷன் டேப்பின் பசை வெயிலில் இளகி வழிந்துவிடும்.

பேட்டரியை மாட்டிய பிறகு கதவுக்கு அதன் எல்லைகளை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் வண்டியில் கையால் முழுக்க மூடி, பிறகு பட்டனில் ஒருமுறை முழுக்கத் திறந்து மூடினால் பெட்டி கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. வண்டிக்கு வண்டி இந்த முறை மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். மூடுகிற இடத்தில் காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துச் சோதித்தோம். கதவு அதைத் தொட்டதும் நின்று, திரும்பி மேலே போனது. பெட்டியை எடுத்ததும் முழுக்க இறங்கி, இரண்டு ‘கிளிக்’கும் விழ மூடியது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி ஒருக்கா மூடு சாமி, பாக்கறேன்” என்றார்.

இதைத் தெருமுனை எலக்ட்ரீசியனும் செய்திருக்கலாம். வயரிங் படம் கையில் இருந்தால் போதும். அந்தப் படத்தைத்தான் கார் நிறுவனங்கள் அவர் கைக்குப் போகாமல் வைத்திருக்கின்றன. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன் மேல் அப்பீல்கள் நடந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகப் பொருள்களோடு வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் சட்டமாகிவிடாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே வாக்களித்து, வண்டியைச் சோதிக்கும் தகவல்களை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அப்படி ஒன்று இங்கேயும் வர வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

கதவின் உள்பக்கப் பலகையைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சின்ன மூடிக்குப் பின்னால், உள்ளேயிருந்தே பூட்டைத் திறக்க ஒரு நெம்புகோல். அது அங்கே இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அமெரிக்காவில் 1998 கோடையில் சில வாரங்களுக்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் மாட்டி இறந்துபோனார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு கொள்ளையர்களால் கணவரோடு டிக்கியில் அடைக்கப்பட்டு உயிர் தப்பிய ஜேனட் ஃபெனல் என்ற பெண்மணி விடாமல் போராடியதன் பலனாக, 2001 செப்டம்பர் முதல் அங்கே விற்பனைக்குத் தயாரிக்கப்படும், டிக்கி தனியாக உள்ள கார்களில் டிக்கிக்கு உள்ளே, இருட்டில் ஒளிரும் திறப்பான் கட்டாயமானது. நம் ஊரிலும் நின்றிருக்கும் காருக்குள் விளையாடப் போய்ச் சிக்கிக்கொண்ட குழந்தைகளைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். தானே மூடி இறுக்கிக்கொள்ளும் கதவு வீட்டுக்கு வந்துவிட்டது என்றால், அதை உள்ளேயிருந்து எப்படித் திறப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் வண்டியின் டிக்கியும் பாதியில் நின்று திரும்பினால், எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் சொல்லும் முன்னால் அந்த ரப்பர்க் குழலைக் கழற்றி ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எதையாவது மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கே கையேட்டைப் பிரித்து, உள்ளேயிருந்து திறக்கும் வழி உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து, வீட்டில் உள்ள குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.