படிவத்தில் இல்லாத கேள்வி

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் வராண்டாவில் உட்கார்ந்து அந்த அண்ணனுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய காலனிக்காரர். வயது 54. நுரையீரலில் புற்றுநோய். பெயர், முகவரி, காப்பீட்டு அட்டை எண் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்து 'பழக்கங்கள்'. பீடி உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருடமாக? குடி உண்டா? வெற்றிலை, புகையிலை? எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. எங்கே வேலை பார்த்தார், எதைக் கையால் தொட்டார், எதைச் சுவாசித்தார் என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. 'தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று யாரோ ஏற்கெனவே எழுதியிருந்தார்கள்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் வேலையில் 17 வருடம். எல்லாம் காண்ட்ராக்ட். அதன்பின் பழைய இரும்பு உருக்கும் உலையில் சில வருடம். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "பீடிய எண்ணி எண்ணிக் கேட்டாங்க. பேட்டரிய ஒருத்தரும் கேக்கலியேப்பா."

அன்று எங்களிடம் பதில் இல்லை. இன்று எழுதுவது அதற்காகத்தான்.

பீடிக்குப் பங்கு இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. புகையிலை புற்றுநோய் தரும், சந்தேகமே இல்லை. ஆனால் வேலையும் தரும் என்பது புதிய செய்தியா? லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1775லேயே எழுதிவிட்டார். புகைபோக்கிகளுக்குள் இறக்கிவிடப்பட்ட ஏழைச் சிறுவர்களுக்கு, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு விரைப்பையில் புற்றுநோய் வந்தது. காரணம், தோல் மடிப்பில் வருடக்கணக்கில் தங்கிய கரி. வேலையால் வரும் புற்றுநோய் பற்றி மருத்துவ உலகம் படித்த முதல் பாடமே, யாரும் செய்ய விரும்பாத வேலையைச் செய்தவர்களின் உடம்பிலிருந்துதான் வந்தது.

உலக சுகாதார அமைப்பின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்குவது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. ஆர்செனிக், காட்மியம், குரோமியம்-6, பென்சீன், கல்நார் எல்லாம் அதன் முதல் பட்டியலில் உள்ளன. 'மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி' என்பது அந்தப் பட்டியலுக்குப் பொருள். இரும்பு, எஃகு வார்ப்பாலை வேலையும் அதிலேயே இருக்கிறது. 2013இல் மாசடைந்த வெளிக்காற்றையும் அதில் சேர்த்தார்கள். ஈயத்தின் கனிமச் சேர்மங்கள் அதற்கு அடுத்த படியில், 'தரக்கூடும்' என்ற பட்டியலில் உள்ளன.

இவை உடம்புக்குள் என்ன செய்கின்றன? நம் செல்கள் ஒவ்வொன்றிலும் எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. இந்தப் பொருள்களில் சில அந்தக் குறிப்பையே கிழிக்கின்றன. சில, கிழிந்ததைத் தைக்கும் வேலையைக் கெடுக்கின்றன. உடம்பு பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். தினமும் கிழிந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் ஏதோ ஒன்று தப்பிவிடும். அந்த ஒரு செல் கட்டியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரிய 10, 20, சில சமயம் 40 வருடம்கூட ஆகும். அதற்குள் காண்ட்ராக்டர் மாறியிருப்பார், கம்பெனியின் பெயர்ப் பலகை மாறியிருக்கும், மஸ்டர் ரோல் குப்பைக்குப் போயிருக்கும்.

வேலைக்குப் போகாதவர்களும் தப்புவதில்லை. கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் உடுப்பைத் துவைத்த மனைவிகளுக்கே நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்ததைப் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் காலனியிலும் வேலைச் சட்டையை உதறித் துவைப்பது அக்காக்கள்தான்.

இதெல்லாம் ஏன் நம் காலனிக்குப் பக்கத்திலேயே வருகிறது? இந்த மண் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் பிறகு எப்படியெல்லாம் கைமாறியது என்பது உங்களுக்குத் தெரியும். நிலம் இல்லாதவர் கூலிக்குப் போவார். ஊரின் ஓரத்தில்தான் சேரி. ஊருக்கு வேண்டாதது எல்லாம் போகும் இடமும் அந்த ஓரம்தான். ஈய உலை, இரும்பு உலை, அபாயகரமான கழிவைப் புதைக்கும் இடம் எல்லாம் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளன. அலுவலக நாற்காலி ஒருவருக்கு, உலை வாய் இன்னொருவருக்கு என்று பிரிப்பது யார்? அந்த உலை வாயில் இன்று நம்மோடு பீகார், ஒடிசா தோழர்களும் நிற்கிறார்கள்.

இதைப் பேசினால் உடனே வரும் கேள்வி: "ஆதாரம் எங்கே?"

கேள்வி நியாயமானது. ஒரு தனி மனிதரின் கட்டியைக் காட்டி, இது இந்தப் புகையால் வந்தது என்று எந்த மருத்துவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. பலரைச் சேர்த்து எண்ணினால்தான் தெரியும். தமிழ்நாட்டில் புற்றுநோய்ப் பதிவேடு உண்டு. அடையாறு புற்றுநோய் மையம் 1980களிலேயே சென்னையில் தொடங்கியது, 2012இல் மாநிலம் முழுக்க விரிந்தது. நல்ல வேலை. ஆனால் மாவட்டச் சராசரியில் காலனி தெரியுமா? 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் மாவட்டத்தில் 37 லட்சம் பேர். 150 வீடுள்ள ஒரு காலனியில் ஐந்து பேருக்கு நோய் வந்தால், 37 லட்சத்தில் அது ஒரு தூசு. வேலைக்குப் பதிவு இல்லை, படிவத்தில் கட்டம் இல்லை, கணக்கில் காலனி இல்லை. எழுதி வைக்க விடாதவர்களே எழுத்தைக் காட்டச் சொல்கிறார்கள்.

அதையும் மீறி எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், கறுப்பின மக்கள் வாழும் வாரன் கவுண்டியில் 1982இல் நச்சு மண்ணைக் கொட்ட வந்தபோது மக்கள் லாரிகளுக்கு முன்னால் படுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1987இல், ஒரு கிறிஸ்தவத் திருச்சபையின் இனநீதி ஆணையம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. கழிவுக் கிடங்கு எங்கே வரும் என்பதை வருமானத்தைவிட நிறமே அதிகம் காட்டியது. நம் கடலூரில் சிப்காட் ஊர் மக்கள் 2004 முதல் நாற்றத்தை நோட்டில் எழுதினார்கள்: எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கக் காற்று, எதன் வாடை. காற்றைப் பையில் பிடித்து ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். 2008இல் வெளியான நீரி ஆய்வு, அந்த வட்டாரக் காற்றால் வாழ்நாள் புற்றுநோய் அபாயம் இயல்பைவிடக் குறைந்தது 2,000 மடங்கு என்று கணக்கிட்டது.

தம்பிகளே, தங்கைகளே, உங்களால் நாளைக்கே செய்ய முடிந்தவை சில. உங்கள் தெருவில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய், அதற்குமுன் எங்கே எத்தனை வருடம் வேலை என்று, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். கேட் பாஸ், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் எதையும் தூக்கிப் போட விடாதீர்கள். ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தந்த இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். வந்ததா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: எல்லாக் கட்டிக்கும் ஆலைதான் காரணம் என்று மேடையில் முழங்காதீர்கள். ஒரு பொய் நூறு உண்மைகளைக் கெடுத்துவிடும். வாயில் ஆறாத புண், மார்பில் கட்டி, விடாத இருமல் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள்.

இரண்டாவது முறை மருத்துவமனைக்குப் போனபோது, அரிசி டப்பாவில் அண்ணி பத்திரப்படுத்தியிருந்த மூன்று பழைய கேட் பாஸ்களை எடுத்துப்போனோம். இளம் மருத்துவர் ஒருவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேஸ் ஷீட்டில், 'கூலி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், பேட்டரி உடைக்கும் வேலை, 17 வருடம் என்று எழுதினார். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்.

அண்ணன் அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். அந்த ஒரு வரியின் நகல் எங்களிடம் இருக்கிறது. எங்கள் நோட்டின் முதல் பக்கம் அதுதான்.

ஜெய்பீம்.